வெள்ளத்தில் மூழ்கி 'டோட்டல் லாஸ்' ஆன காரை வாங்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டில் தனியார் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் அறிமுகப்படுத்திய ஒருவரிடம், 2020-இல் பதிவான கார் ஒன்றை 4,20,000 ரூபாய்க்குப் பேசி, 60,000 ரூபாயை வங்கி வழியாக முன்பணமாக அனுப்பினேன். பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தரும்படி சாவியைக் கொடுத்தார். பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30-இல் என் கையெழுத்தையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டார். சர்வீஸ் சென்டரில் காட்டியபோதுதான், 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி மூழ்கியதும், காப்பீட்டு நிறுவனம் 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) என்று பணம் கொடுத்து முடித்ததும் தெரிந்தது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் வேளச்சேரியைச் சேர்ந்த பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. விற்பவரோ, "வேறு இன்ஜின் போட்டாயிற்று, நன்றாக ஓடுகிறதே" என்கிறார். வேண்டாம் என்றால் 20,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொல்கிறார். சந்தை விலையைவிட இரண்டு லட்சத்துக்கும் மேல் குறைவு என்பதால் மைத்துனர் வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார். வாங்கலாமா? அல்லது மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: மைத்துனரின் வருத்தம், விற்பவர் பேசிய தொனி, நம்பிக் கையெழுத்திட்டதில் உங்களுக்கு ஏற்பட்ட மன வேதனை ஆகியவை, இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கின்றன. அவற்றில் எதையும் நீதிமன்றம் எடை போடப் போவதில்லை. இந்த வண்டி மூழ்கியது என்பது, முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது ஒன்றே சட்டத்தின் கண்ணில் முக்கியம். இனி வாங்கினால், நீங்கள் ஏமாந்து வாங்கியவர் அல்லர், தெரிந்து வாங்கியவர்.

இதன் விளைவு சிறியதன்று. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குறையைச் சொல்லாமல் மௌனமாக இருப்பதையே பொதுவாக மோசடி என்று கொள்வதில்லை. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் வாய் திறக்காமல் இருந்தால் அது மோசடி ஆகாது என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டுத் தருகிறது. 19-ஆம் பிரிவோ, சாதாரண கவனத்தோடு விசாரித்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர், எதிர்த்தரப்பின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. விசாரித்திருக்கலாம் என்ற நிலையில் இருப்பவருக்கே வழி அடைபடும்போது, விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகும் மீதி 3,60,000 ரூபாயைக் கொடுப்பவருக்கு என்ன எஞ்சும்? நாளை கியர்பாக்ஸ் துருப்பிடித்தாலும், ஈரம் ஏறிய வயரிங் நடுச்சாலையில் செயலிழந்தாலும், விற்பவரைக் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

'டோட்டல் லாஸ்' என்ற சொல்லைக் கேட்டதுமே வண்டி சட்டப்படி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழுது நீக்கும் செலவு, பாலிசியில் குறித்த ஐ.டி.வி. (காப்பீட்டுக்காக வண்டிக்குக் குறித்த மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காப்பீட்டு நிறுவனங்கள் போடும் கணக்கு அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு பேசுவது வேறு: அழிந்துவிட்ட அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு பதிவு ரத்தாகும். சில நிறுவனங்கள் ஆர்.சி. ரத்தான பிறகே பணம் தருகின்றன, சில, ஆர்.சி.யோடு வண்டியை ஏலக்காரரிடம் தள்ளிவிடுகின்றன. முதல் வகை வண்டியை எவ்வளவு அழகாகச் சீர்செய்தாலும் சாலையில் ஓட்ட உரிமை கிடையாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை அரசின் 'வாகன்' இணையதளத்தில் பதிவின் நிலையைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் அறியலாம். விற்பவரின் வாய்மொழி அதற்குப் பதிலாகாது.

பதிவு உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விற்பவர் தம் நற்சான்றாகச் சொல்லும் அந்த வேறு இன்ஜின்தான் எனக்குப் பெருங்கவலை தருகிறது. மாற்றிய இன்ஜினின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வண்டியில் பொறித்த இன்ஜின் எண்ணோ சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக இருந்தால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவை ரத்து செய்ய 55-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு இடம் தருகிறது. அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அதற்கு ரசீது உண்டா என்று கேளுங்கள். டோட்டல் லாஸ் வண்டிகளின் ஆர்.சி.யை வாங்கி, அதன் சேசிஸ் எண்ணைத் திருட்டு வண்டியில் பொறித்து விற்கும் கும்பல்கள் இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அப்படி ஒரு வண்டி உங்கள் வாசலில் நின்றால், நீங்கள் குற்றமற்றவர் என்று பின்னர் நிரூபிக்கலாம். ஆனால் காவல்துறை அதைக் கைப்பற்றிய நாளிலிருந்து வண்டியும் பணமும் உங்களுடையவை அல்ல.

நான் நேரில் பார்த்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் சிக்கியது திருட்டு வண்டியில் அன்று, காப்பீட்டில். அதனால் இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர், பிரீமியம் ஏறிவிடும் என்றோ பாலிசியே கிடைக்காது என்றோ அஞ்சி, பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தில் பழைய இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பற்றிக் கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார். அல்லது முகவர் தாமே அப்படி நிரப்ப, இவர் கையெழுத்துப் போடுகிறார். பாலிசி வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார். ஒரு நாள் வண்டி மோதி இரண்டு லட்சத்துக்கு மேல் கோரிக்கை வைக்கும்போதுதான் நிறுவனம் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்பி சேசிஸ் எண்ணை வைத்துப் பழைய வரலாற்றைத் தோண்டுகிறது. முக்கிய உண்மையை மறைத்தார் என்று ஒரே வரியில் கோரிக்கையைத் தள்ளுகிறது. என் கட்சிக்காரர் ஒருவர், "எனக்குத் தெரியாது" என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடச் சொன்னார். ஆனால் வண்டியை வாங்குவதற்கு முன்பே விற்பவருக்கு, "வெள்ள வண்டிதானே, இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. விலையைக் குறைக்க உதவிய அதே செய்தி வழக்கைத் தோற்கடித்தது. உங்களிடமும் சர்வீஸ் சென்டரின் ரசீது இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சொந்த வண்டியின் சேதம் போனால் போகட்டும் என்று நீங்கள் துணியலாம். சாலையில் ஒருவர் அடிபட்டால் என்ன ஆகும்? முக்கிய உண்மையை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்ற வாதத்தை மூன்றாம் நபர் கோரிக்கையிலும் எழுப்ப, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி விட்டிருக்கிறது. அடிபட்டவர் குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். ஓர் ஆசிரியரின் வீட்டை விற்றாலும் போதாத தொகையாக அது இருக்கக்கூடும்.

ஆர்.சி. பழைய உரிமையாளர் பெயரில் இருப்பதால் பொறுப்பு அவருக்குத்தானே என்று உங்கள் மைத்துனர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. வண்டி பல கை மாறிய பிறகும், பதிவேட்டில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓட்டியவரை விடுவிக்கவில்லை. கவனக்குறைவாக ஓட்டியவர் எப்போதும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி. தவிரவும், பணம் கட்ட நேர்ந்த வேளச்சேரிக்காரர் சும்மா இருக்கமாட்டார். யார் கையில் வண்டி இருந்தது என்று தேடுவார். அப்போது படிவம் 30-இல் நீங்கள் போட்ட கையெழுத்தும் ஆதார் நகலும் உங்களைத்தான் காட்டும். பத்து நாள் சோதனை என்ற பெயரில் வண்டியைத் தந்தது உங்கள் வசதிக்காக அன்று. விபத்தின் சுமை உங்கள் தலையில் விழும்படி செய்யத்தான்.

மோசடி வழக்கு பற்றி. முதலில் பொய் சொன்னாரா, சொல்லாமல் விட்டாரா என்பதிலேயே சான்று இல்லை; கேட்டவுடன் அவர் ஒப்புக்கொண்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காவல் நிலையத்தில் இதை உரிமையியல் தகராறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் வண்டி வியாபாரியாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. தம் சொந்த வண்டியை ஒரே ஒரு முறை விற்கும் தனிநபர் என்றால் அந்தக் கதவும் மூடியதே. எதுவாயினும், 20,000 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் பள்ளி விடுப்புகளைத் தொலைப்பீர்கள்.

எனவே என் ஆலோசனை தெளிவானது: 40,000 ரூபாயை வாங்கிக்கொண்டு விலகிவிடுங்கள். 45,000 கேட்டுப் பாருங்கள். 40,000-க்கு மேல் அவர் ஏறாவிட்டால் அதற்காகப் பேச்சை முறித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மைத்துனருக்கும் இதையே காட்டுங்கள். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அன்று.

வண்டியை இன்றிலிருந்து ஓட்டாதீர்கள். ஒப்படைக்கும்போது தேதி, நேரம், கிலோமீட்டர் அளவு ஆகியவற்றைக் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதில், விற்பனைப் பேச்சு ரத்தானது, முன்பணத்தில் இவ்வளவு திரும்பப் பெறப்பட்டது, இனி இரு தரப்புக்கும் கோரிக்கை இல்லை என்று எழுதுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் கையெழுத்திட்ட படிவம் 30-இன் மூலத்தையும் ஆதார் நகலையும் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். படிவத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அவர் சொன்னால், அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கி, ஆர்.சி. பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு, என் கையெழுத்துடன் பெயர் மாற்ற விண்ணப்பம் வந்தால் ஏற்க வேண்டாம் என்று பதிவுத் தபாலில் மறுநாளே எழுதுங்கள்.