அமெரிக்காவின் லோவல் நகரில் பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் வீடு வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் பிப்ரவரி மாதத்தில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எடுங்கள். நான் ஜூன் மாதத்தில் பார்த்து மயங்கியவன்.

மனைவி, நான்கு வயது மகளோடு குடிவரப் போவதாகவும், ஆலைக் குடியிருப்புகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த ஊரில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். முதல் ஒன்றரை ஆண்டு கால்வாய் ஓரத்தில் ஓர் ஆலைக் கட்டடத்தில், மீதி ஆண்டுகள் ஆற்றுக்கு அக்கரையில் பாடக்கெட்வில் பகுதியில் மூன்றடுக்கு மர வீடு ஒன்றின் நடு மாடியில்.

படங்களில் பார்ப்பது பொய்யில்லை. செங்கல் சுவர், கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மர உத்தரங்கள், என்னைவிட உயரமான ஜன்னல்கள். மின்விளக்கு வருவதற்கு முன் கட்டிய ஆலைகள் என்பதால் பகல் வெளிச்சத்துக்காக அத்தனை பெரிய ஜன்னல் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வேலை நேரத்தில் அவற்றைத் திறக்க விடமாட்டார்களாம். காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். கோயம்புத்தூர் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா வந்திருந்தபோது, ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேப்பிள் பலகைத் தரையில் இருந்த போல்ட் துளைகளையும் கறுத்துப்போன எண்ணெய்க் கறையையும் பார்த்தபடி அடி வைத்து அளந்தார். "இரண்டு மெஷினுக்கு நடுவே ஆள் போக இவ்வளவுதான் விட்டிருக்கிறான்" என்றார்.

அந்த எண்ணெய்க் கறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

முதல் குளிர்காலத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. உயரமான கூரை, பெரிய ஜன்னல், மின்சார ஹீட்டர், அதற்கான கட்டணம் என் தலையில். சூடெல்லாம் மேலே போய் உத்தரத்தோடு ஒட்டிக்கொள்ள, கீழே நாங்கள் கம்பளிக் காலுறையோடு சோறு சாப்பிட்டோம். ஜனவரி மின்கட்டணம் வாடகையில் கால் பங்கைத் தொட்டது. லோவல் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விதிப்படி செப்டம்பர் 15 முதல் மே 31 வரை வீட்டுக்குள் பகலில் 68 டிகிரி ஃபாரன்ஹீட், இரவில் 64 டிகிரி இருக்க வேண்டும். அதற்கான வசதியைச் செய்து தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் எரிபொருள் செலவு குடியிருப்பவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆகவே வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வெப்பச் செலவு யாருடையது, எரிவாயுவா எண்ணெயா மின்சாரமா என்று கேளுங்கள். பாடக்கெட்வில் வீட்டில் அது வாடகைக்குள் அடக்கம். ரேடியேட்டர் அதிகாலை ஐந்து மணிக்கு, யாரோ கரண்டியால் குழாயைத் தட்டுவதுபோல் டங் டங் என்று எழுப்பிவிடும். நான் அதற்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

முன்பண விஷயத்தில் அந்த மாநிலச் சட்டம் நம் பக்கம். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வட்டி தர வேண்டும். காலி செய்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அல்லது எதற்காகப் பிடித்தம் என்று கணக்குக் காட்ட வேண்டும். முன்பணம் வாங்கினால் வீட்டின் நிலையை எழுதிய ஒரு பட்டியலும் தருவார்கள். அதில் விட்டுப்போனவற்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு. சோம்பல் படாமல் எழுதுங்கள். நான் காலி செய்தபோது முதல் வீட்டுக்காரர் "தரையில் எண்ணெய்க் கறை" என்று பணம் பிடித்தார். என் தாத்தா பிறப்பதற்கு முன்பே தறி ஓடிச் சிந்திய எண்ணெய்! குடிவந்த வாரமே அந்தக் கறையைப் படம் எடுத்துப் பட்டியலோடு இணைத்திருந்தேன். மறு கடிதத்திலேயே முழுப் பணமும் வந்தது.

மகளுக்கு நான்கு வயது என்பதால் இன்னொன்று. 1978க்கு முன் கட்டிய வீடுகளின் பெயின்ட்டில், சிறு குழந்தைகளுக்கு நஞ்சான ஈயம் இருக்கலாம். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை குடியிருந்தால் அதைச் சரிசெய்வது உரிமையாளரின் கடமை. ஆய்வுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதற்காகவே குழந்தை உள்ள குடும்பம் வேண்டாம் என்று சொல்வது சட்ட விரோதம், ஆனாலும் வேறு காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. தரகுக் கட்டணத்தை யார் தரகரை அமர்த்தினார்களோ அவர்தான் தர வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் சட்டம் வந்துவிட்டது, ஏமாறாதீர்கள்.

ஆறு அழகுதான். மெரிமேக் ஆறு பாடக்கெட் அருவியில் சுமார் 32 அடி இறங்குகிறது. அந்த விசைக்காகத்தான் 1820களில் அங்கே ஆலைகளே வந்தன. ஆனால் தரைத்தளம் வேண்டாம். ஜேம்ஸ் பிரான்சிஸ் என்ற பொறியாளர் 1850இல் கால்வாய் வாயில் ராட்சத மரக் கதவு ஒன்றைத் தொங்கவிட்டபோது ஊரே சிரித்தது. 1852 வெள்ளத்தில் அதை இறக்கித்தான் ஊர் தப்பியது, 1936லும் அப்படியே. 2006 மே மாத வெள்ளத்தில் ஆற்றோரக் குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கம்போடியர்கள் பெருந்திரளாக வாழும் ஊர் அது. அவர்கள் கடையில் வாழைப்பூவும் பாகற்காயும் வாங்குவேன். பாஸ்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். காருக்கு நிறுத்துமிடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள், பனிக்கால அவசர அறிவிப்பு வந்த இரவில் தெருவில் விட்ட காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வாடகை ஆண்டுதோறும் ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஏறியது. அந்த ஊருக்கு அது புதிதல்ல. 1836இல் கம்பெனி விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பூட் ஆலைக்குப் பக்கத்தில் அப்படியொரு விடுதியை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் நான்கைந்து பேர், கட்டிலுக்கு இருவர். வீடு பார்க்கப் போகும் அன்றைக்கு முதலில் அங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அதன்பிறகு உங்களுக்குக் காட்டுகிற ஒற்றை அறை வீடு அரண்மனையாகத் தெரியும். தெரிந்தாலும், ஹீட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.