பழைய கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறேன், எந்த கிராபிக்ஸ் கார்டு மாற்றலாம்?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது. அலுவலகத்தில் ஓடிக் கைமாறி வந்த டவர் கணினி, ஐ7-4790 ப்ராசசர், 16 ஜிபி ராம், 290 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு, ஒரே ஒரு 1080பி மானிட்டர். ஓட்டுவது எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்), எக்ஸ்-பிளேன் 11 என்ற இரண்டு சிமுலேட்டர்கள். கார்டின் விசிறி தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050, அதிலும் 6 ஜிபி வகை. இந்தக் கணினிக்கு அதற்கு மேல் வேண்டாம். காரணம் தெரிந்திருந்தால், கடையில் வேறு ஏதாவது எடுத்துக் காட்டும்போது நீங்களே முடிவெடுக்கலாம்.

விமான சிமுலேட்டர் மற்ற கேம்களைப் போல கார்டை மட்டும் நம்பி ஓடுவதில்லை. இறக்கை மேல் காற்று என்ன செய்கிறது, சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள் எங்கே, காக்பிட் திரைகளில் என்ன தெரிய வேண்டும், கீழே எந்தக் கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் ப்ராசசர்தான் கணக்குப் போடுகிறது. அது முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்டு வரைகிறது. எஃப்எஸ்எக்ஸ் 2006-இல் வந்தது. அதன் வேலையில் பெரும்பகுதி ப்ராசசருக்குள் இருக்கும் பல கோர்களில் ஒன்றின் தலையில்தான் விழும். எக்ஸ்-பிளேன் 11-க்கு 2020-இல் 11.50 பதிப்பில் வல்கன் (சிமுலேட்டர் கார்டிடம் வேலை சொல்லும் புதிய முறை) வந்த பிறகு அந்தச் சுமை நன்றாகவே குறைந்தது. ஆனாலும் முக்கிய வேலை ஒரு த்ரெட்டில்தான், அதாவது ப்ராசசர் ஓட்டும் ஒரே வேலை வரிசையில்தான் நிற்கிறது. அதனால் பெரிய நகரத்து விமான நிலையத்தில் இறங்கும்போது ஃப்ரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விழுகிறது என்றால், எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ் போய், டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃப்ரேம் ரேட் வரியைக் காக்பிட்டில் காட்டும்படி டிக் செய்யுங்கள். திரையில் சிபியு (ப்ராசசர்) நேரம், ஜிபியு (கார்டு) நேரம் என இரண்டு எண்கள் வரும். எது பெரிதோ அதுதான் உங்களைப் பிடித்து இழுக்கிறது. எஃப்எஸ்எக்ஸில் ரெசல்யூஷனையும், விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மென்மையாக்கும் ஆன்டி-அலியாசிங்கையும் குறைத்துவிட்டு அதே இடத்தில் பாருங்கள். ஃப்ரேம் அசையவில்லை என்றால் ப்ராசசர்தான் தடை. டாஸ்க் மேனேஜரில் சிபியு 20 சதவீதம்தான் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் ப்ராசசருக்கு 8 த்ரெட். அதில் ஒன்று மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 13 சதவீதம் போலத்தான் தெரியும்.

அப்படியானால் கார்டு எதற்கு? மேகத்துக்கு. தெளிந்த வானத்தில் சரளமாக ஓடிய எஃப்எஸ்எக்ஸ், அடர்ந்த மேகத்துக்குள் நுழைந்ததும் திணறினால் அது பெரும்பாலும் கார்டின் திணறல். அப்புறம் ஆன்டி-அலியாசிங், டெக்ஸ்சர் (நிலம், கட்டடம், விமானம் மேல் ஒட்டும் படங்கள்). எக்ஸ்-பிளேனில் நல்ல சீனரி ஒன்றைப் போட்டு டெக்ஸ்சரை உயர்த்தினால் 2 ஜிபி வீடியோ மெமரி எந்த மூலைக்கு? ரன்வே எழுத்துகள் மங்கும், தலையைத் திருப்பும்போது படம் தடுக்கித் தடுக்கி வரும். 6 ஜிபி இருந்தால் இந்தத் தொல்லை தீரும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் உண்மையான லாபம் இதுதான், இது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் எஃப்எஸ்எக்ஸ் நெடும்பயணத்தின் கடைசியில் மெமரி போதவில்லை என்று நின்றுபோவது வேறு கதை. அது 32-பிட் புரோகிராம், 4 ஜிபிக்கு மேல் அதனால் கையாள முடியாது. கார்டு மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

இனி எஸ்எம்பிஎஸ். உங்கள் தேர்வை உண்மையில் முடிவுசெய்வது அந்த 290 வாட் பெட்டிதான். கேபினட்டைத் திறந்து பாருங்கள், இந்த மாதிரி அலுவலக டவர்களில் கார்டுக்கென்று 6 பின், 8 பின் கேபிள் பொதுவாக இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். உங்கள் 750 டிஐ 60 வாட் கார்டு, அதனால்தான் இத்தனை வருடம் தனிக் கேபிள் இல்லாமல் ஓடியது. 6 ஜிபி 3050 எடுப்பது 70 வாட். அதே பெயரில் வரும் 8 ஜிபி 3050 எடுப்பது 130 வாட், அதற்குத் தனிக் கேபிள் வேண்டும். பெட்டியில் 3050 என்று இருந்தால் மட்டும் போதாது, 6 ஜிபி என்பதையும், கார்டின் விளிம்பில் பவர் கனெக்டர் இல்லை என்பதையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

சாட்டா கேபிளை 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டரைக் கடையில் கொடுப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 54 வாட்டுக்கு ஆனவை, 8 பின் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். உருகிப்போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

குறைந்த வாட்டில் ஆர்எக்ஸ் 6400-உம் இருக்கிறதே என்று கேட்கலாம். 53 வாட்தான். ஆனால் அதற்கு 4 பிசிஐஇ லேன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் பாதை) மட்டுமே. உங்கள் மதர்போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐஇ, லேனுக்கு நொடிக்கு சுமார் 1 ஜிபி. அதன் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் டெக்ஸ்சர் எல்லாம் இந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் ராமிலிருந்து வந்தாக வேண்டும். புதுப் புது நிலப்பரப்பை இழுத்துக்கொண்டே இருக்கும் சிமுலேட்டருக்கு இது ஒத்துவராது. 3050-க்கு 8 லேன், அதில் பிரச்சினை தெரியாது. இன்டெல் ஆர்க் கார்டுகளும் வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுகுவது) வசதி இல்லாத பழைய போர்டில் அவை சோர்ந்துவிடும்.

எஃப்எஸ்எக்ஸுக்காக இன்னும் விண்டோஸ் 7-லேயே இருப்பவர்கள் பலர். நீங்களும் அப்படியானால் 3050 6 ஜிபி ஆகாது, அது 2024-இல் வந்தது, விண்டோஸ் 7 டிரைவரே கிடையாது. அந்த நிலையில் பவர் கனெக்டர் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. பழைய கார்டு தேடினாலும் இதையே தேடுங்கள். 1050 டிஐ மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்தத் தலைமுறைக்கு 2025 அக்டோபருடன் வழக்கமான டிரைவர்கள் முடிந்தன, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை. பழையது எதுவானாலும் கடையிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் வாங்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2024 ஆசை இருந்தால், அதன் குறைந்தபட்சத் தேவையே ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்எக்ஸ் 5700. இந்தக் கணினியில் அதற்காகப் பணம் போடாதீர்கள், புது மெஷினுக்குச் சேர்த்து வையுங்கள்.

உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும்தானா என்றும் பாருங்கள். புதிய கார்டுகளில் அனலாக் அவுட்புட் கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர் ஒன்று தேவைப்படும்.

மாட்டுவதற்கு முன் பயாஸை அப்டேட் செய்து, பழைய டிரைவரை நீக்கிவிடுங்கள். மாட்டிய பிறகு எஃப்எஸ்எக்ஸின் ஷேடர்ஸ் ஃபோல்டரில் உள்ளதை அழித்துவிட்டுத் திறந்தால் அது புதிய கார்டுக்கு ஏற்பத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஃப்ரேம் ரேட்டை 30-இல் கட்டி வைத்துவிட்டு, ஆட்டோஜென்னை (சிமுலேட்டர் தானாக நிரப்பும் கட்டடங்கள், மரங்கள்) இப்போதுள்ள அளவிலேயே விட்டு, மேகத்தையும் ஆன்டி-அலியாசிங்கையும் மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள்.