அந்த அரை மார்க்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், வேலை சென்னையில். நாலு வருடமாக, கேட்கிற ஒவ்வொரு ஆல்பத்துக்கும் கச்சேரிப் பதிவுக்கும் பத்துக்கு இத்தனை என்று போனில் மார்க் போட்டு வைக்கிறேன். அறுநூறைத் தாண்டிவிட்டது. கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் தோடி ராகத்துக்கு 9, அடுத்த வரியில் ஒரு ராப் ஆல்பத்துக்கும் 9. "ரெண்டும் ஒண்ணாலே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இசைக்கு எண் போடுவதில் அர்த்தம் உண்டா?

ச., சென்னை

அன்புள்ள தம்பி,

நம் பக்கத்துக் கொடையிலேயே இசைக்கு எண் போடத்தானே செய்கிறார்கள் என்று பெரியப்பாவிடம் நீங்கள் திருப்பிக் கேட்டிருக்கலாம். நையாண்டி மேளம் சூடு பிடித்து, நாயனக்காரர் ஏதோ ஒரு பழைய பாட்டை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் அவர் சட்டையில் ஊக்கால் நோட்டைக் குத்துவார், உடனே மைக்கில் "மேலத்தெரு இன்னார் அன்பளிப்பு ரூபாய் நூத்தி ஒண்ணு" என்று வரும், அதைக் கேட்டதும் கீழத்தெருக்காரர் ஒருவர் 201ஐ எடுத்துக்கொண்டு எழுவார். மார்க் போடுவதுதான் இது. ஆனால் அந்த 101தான் பாட்டின் மதிப்பு என்று ஊரில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெயரைக் கேட்ட பிறகுதான் தொகையையே காதில் வாங்குவார்கள். எச்சில் கையால் காக்கா விரட்டாத ஆள் ஒருவர் 51 குத்திவிட்டால் பந்தலே திரும்பிப் பார்க்கும், "அவனையே எந்திரிக்க வச்சுட்டாரே நாயனக்காரர்" என்று நாலு நாளைக்குப் பேச்சு ஓடும். துபாயிலிருந்து லீவில் வந்தவர் 1001 குத்தினால், சரி, லீவில் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது இந்த இரண்டு பேரையும் கூட்டிச் சராசரி எடுங்கள். 526 ரூபாய். அந்தப் பந்தலில் 526 ரூபாய் யாருமே கொடுக்கவில்லை. இணையத்தில் ஒரு ஆல்பத்துக்குப் பக்கத்தில் 4.2 என்று நட்சத்திரத்தோடு நிற்கிறதே, அது இந்த 526தான். எனக்கு அதில் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது.

நானும் மார்க் போட்டவன்தான். பல வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்தார்கள். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம், மேடை நடத்தை என்று ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து. முதலில் வந்த பையன் நன்றாகவே பாடினான், ஆனால் பின்னால் யார் வருவார்கள் என்று தெரியாதே, அதனால் பத்திரமாக 35 போட்டேன். முதலில் பாடுகிற பிள்ளைக்கு எந்த ஊரிலும் இந்தக் கதிதான். இரண்டாவது பெண் அவனைவிடக் கொஞ்சம் மேல், 38. இப்படியே ஏறி ஏறி எட்டாவது பிள்ளைக்கு 48 போட்டுவிட்டேன், இன்னும் ஆறு பேர் பாக்கி. அப்புறம் 48½, 48¾ என்று தாளில் எழுத ஆரம்பித்தேன். சுருதியில் கால் மார்க் என்றால் என்ன என்று யாராவது அப்போது என்னிடம் கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். கடைசியில் மனசு கேட்காமல் முதல் பையனின் 35ஐ ரப்பரால் அழித்து 41 ஆக்கினேன். பக்கத்து நாற்காலி நடுவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் ரப்பர் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் விகடன் மார்க்கின் ரகசியம் எனக்கு விளங்கியது. '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62½ போட்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த அரை மார்க் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. போட்டவர்களுக்கு மனதில் வேறு ஏதோ படங்கள் ஓடியிருக்கும், அவற்றுக்கு மேலே இதை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்திருக்கும்.

அமெரிக்காவில் பிட்ச்ஃபோர்க் என்று ஒரு இசை இதழ், 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளி வைத்துப் போடுவார்கள். எண்ணிப் பார்த்தால் 101 படி, நம் அன்பளிப்புத் தொகையேதான்! டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையரின் 'டிஸ்கவரி' ஆல்பத்துக்கு 2001இல் 6.4 போட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2021இல், பழைய மார்க்குகளில் சிலவற்றைத் திருத்துகிறோம் என்று அவர்களே உட்கார்ந்து அதை 10 ஆக்கினார்கள். இருபது வருடத்தில் ஆல்பத்தில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. ரப்பர் மட்டும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. வானொலியில் கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடு வைத்திருக்கிறார்கள், குரல் தேர்வு வைத்துக் கொடுப்பது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று ஒரு அலுவலகம் முடிவு செய்தாக வேண்டும், அதற்கு அது போதும். எங்கள் தெருவில் இருந்த நாதஸ்வரக்காரர் பி-ஹை. கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள் வாசிப்பைக் கேட்க மாட்டார்கள், கிரேடைத்தான் கேட்பார்கள், அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பத்தமடைப் பாய்க்குக்கூட எண் உண்டு, பாவு நூல் எத்தனை என்று. எண்ணிக்கை ஏற ஏறப் பாய் நைஸாகும், விலையும் ஏறும், சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பத்தமடைக்கு ஒரு எட்டில் இருக்கிற காருகுறிச்சியில் பிறந்த மனிதரின் தோடியில் எதை எண்ணுவது?

உங்கள் இரண்டு 9க்கு வருகிறேன். பாய்க்கும் 9 போடலாம், அல்வாவுக்கும் 9 போடலாம், பாயைத் தின்னப் போகிறவன் யார்? பெரியப்பாவுக்கும் அது தெரியும், உங்களை வம்புக்கு இழுத்திருக்கிறார். என் கவலை வேறு. அறுநூறு மார்க் போட்ட நீங்கள் ஒரு இடத்திலும் தேதி போட்டதாக எழுதவில்லை. எந்த வருடம், எங்கே வைத்துக் கேட்டது, ஹெட்போனிலா, செங்கோட்டை வண்டியில் ஜன்னல் ஓரமா, அன்றைக்கு யாரோடு சண்டை, அதெல்லாம் இரண்டு வார்த்தை பக்கத்தில் இருந்தால் அந்த 9ஐ நீங்களே பிற்பாடு படித்துப் புரிந்துகொள்ளலாம். நான் கேசட் காலத்தில் நோட்டு போட்டு எழுதினேன். முதல் பத்துப் பக்கம் எல்லாம் 9, கடைசிப் பக்கங்களில் 6ஐத் தாண்டுவதே அபூர்வம். அவ்வளவு வருடத்தில் பாட்டுகள் கெட்டுப்போய்விட்டன என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்!

ஆக, மார்க் போடுவதை விட வேண்டாம், சராசரி மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம் ஒரு விஷயம், பெரியப்பா கேட்க மறந்தது. காருகுறிச்சி அருணாசலம் 1964இல் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவர் அந்தத் தோடியைத் திருத்தி வாசிக்கப் போவதில்லை. 9 போட்டிருக்கிறீர்களே, ஒரு மார்க்கை எந்த இடத்தில் குறைத்தீர்கள்? இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.