65 வயதில் இறங்கச் சொல்வது நியாயமா?

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் விமானி. வீடு பினாங்கில், வேலை கோலாலம்பூரில். வரும் மார்ச்சில் 65 நிறைகிறது. அதோடு கேப்டன் வேலை முடிகிறது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்த நாட்டில் 92 வயதில் ஒருவர் பிரதமரானார். 65இல் ஒருவர் விமானம் ஓட்டினால் என்ன குறை? எங்கள் மகனும் துணை விமானிதான். “அப்பா வயதுக்காரர்கள் இறங்கினால்தானே நாங்கள் மேலே வர முடியும்” என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

(பெயர் வேண்டாம்), பாயான் லெப்பாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

வயது வரம்பு வேண்டும், இன்றைய நிலையில் அது 65ஆகவே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆனால் அந்த எண்ணை உங்கள் கணவரின் உடம்புக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிறந்த கதை வேறு.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. தொழிற்சங்கம் நடுவரிடம் வாதாடி வென்றது. உடனே நிறுவனத் தலைவர் சி.ஆர்.ஸ்மித், அமெரிக்க அரசின் விமானத்துறை நிர்வாகி எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த 1959ஆம் ஆண்டு முடிவதற்குள் 60 விதியாகிவிட்டது. பதவியை விட்ட பிறகு கெசாடா அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். மருத்துவக் காரணமும் சொன்னார்கள், ஆனால் விதி முளைத்த இடம் நிறுவனத்துக்கும் விமானிகளுக்கும் வந்த ஒரு தகராறு. 2006இல் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்கு இந்த வரம்பை 65 ஆக்கியது. 60 தாண்டிய கேப்டனுக்குப் பக்கத்தில் 60க்கு உட்பட்டவர் இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு நிபந்தனையும் இருந்தது. 2014இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, நகர்த்தக்கூடிய எண்தான் இது.

பிறகு ஏன் 65ஐ ஆதரிக்கிறேன்? திடீர் மாரடைப்புக்குப் பயந்து அல்ல. 2024 அக்டோபரில் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் போன துருக்கி விமானத்தில் கேப்டன் நடுவானில் இறந்தார். அவருக்கு வயது 59தான், மருத்துவப் பரிசோதனையிலும் தேறியிருந்தார். மற்ற விமானிகள் நியூயார்க்கில் பத்திரமாக இறக்கினார்கள். ஒருவர் சாய்ந்தால் இன்னொருவர் இருக்கிறார், அந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

என் கவலை மெல்லமெல்ல வருவதைப் பற்றியது. சிமுலேட்டர் (தரையிலேயே விமானம்போல இயங்கும் பயிற்சிக் கருவி) சோதனை உங்கள் கணவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஓடுதளத்தில் வேகம் ஏறும், “வி ஒன்” என்ற குரல் கேட்கும், அடுத்த நொடி ஒரு இன்ஜின் போய்விடும். இனி நிறுத்த முடியாது, ஏறித்தான் ஆக வேண்டும். மூக்கு ஒரு பக்கமாக இழுக்கும். காலால் ரடரை (வாலில் உள்ள சுக்கானை) மிதித்து நேராக்கி, வேகம் குறையாமல் பிடித்து, போதிய உயரம் வரும்வரை வேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அனுபவசாலி இதை அழகாகச் செய்வார். ஆனால் இன்ஜின் போகப்போகிறது என்று அவருக்கு முந்தின நாளே தெரியும், நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருப்பார். கோலாலம்பூரின் செப்பாங் விமான நிலையத்திலிருந்து லண்டனுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பறந்து, துண்டு துண்டாகத் தூங்கி, மழைமேகத்துக்குள் இறங்கும்போது எதிர்பாராத ஒன்று வந்தால் ஒரு மனிதர் எவ்வளவு சீக்கிரம் சுதாரிப்பார் என்பதை ஈசிஜியும் கண் பரிசோதனையும் சொல்வதில்லை. ஆளுக்கு ஆள் அதை அளந்து சொல்ல நம்பகமான சோதனை வரும்வரை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல திறமைசாலிகளும் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் கணவர் அப்படிப்பட்டவராகவே இருக்கலாம்.

92 வயதுப் பிரதமர் தடுமாறினால் திருத்த அமைச்சரவை இருக்கிறது, நாள்கணக்கில் நேரம் இருக்கிறது. நொடிக்கணக்கில் முடிவெடுக்கும் வேலைகளுக்கு உலகம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பொதுவாக 56இலேயே ஓய்வு பெற்றுவிட வேண்டும்.

2025இல் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா 67 கேட்டது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2020இல் கோவிட் வந்ததும் விமானிகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய தொழில்தானே இது? சோதனையை முதலில் மாற்றுங்கள், எண்ணை அப்புறம் மாற்றலாம். மலேசியா மட்டும் தனியாக 67 என்று வைத்தாலும் உங்கள் கணவர் உள்நாட்டில், பினாங்கிலிருந்து லங்காவிக்குப் போகலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேடானுக்குப் போக இந்தோனேசியா சம்மதிக்க வேண்டும்.

மகன்மேல் கோபம் வேண்டாம். விமான நிறுவனத்தில் எல்லாம் பணிமூப்பு வரிசைதான். மேலே இரண்டு வருடம் கூடினால் கீழே ஒவ்வொருவரும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அவன் உள்ளதைச் சொன்னான்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். இத்தனை ஆண்டு அனுபவத்தை ஒரு கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார்களே, அங்கே. 1989இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் போன விமானத்தை இறக்கிய கேப்டன் ஆல் ஹேன்ஸுக்கு அப்போது 57. இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அவரும் 60இல் பறப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன்பின் பல ஆண்டுகள், அன்று விமானி அறையில் நால்வரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்க 65 தடையில்லை. மார்ச் வரை காத்திருக்காமல், பயிற்றுநர் இடம் உண்டா என்று நிறுவனத்தில் இப்போதே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்று சொன்னால் வெளியே பயிற்சி மையங்களைக் கேட்கட்டும். விண்ணப்பத்தை எழுத மகனையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.