அடுக்கி வைத்த மரத்தில் மா கொட்டுகிறது: கேள்விகளும் என் பதில்களும்

மாரிக்கு முன் வீட்டு வேலையை முடிக்கலாம் என்று மரம் வாங்கி அடுக்கியவர்கள்தான் இந்த முறை கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டது மரத்தில் இருந்து மாவு போலத் தூள் கொட்டுவதைப் பற்றிய ஒரே கேள்வி, அதனால் அதையே முதலில் வைத்துவிட்டேன்.

நிலைக்கும் கதவுக்கும் என்று வாங்கிய தேக்குப் பலகை ஒரு வருடமாகக் கொட்டிலில் கிடக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டது. இப்போது பார்த்தால் அடியில் வெள்ளை மா. காய்ந்த மரத்தில் எப்படி உளு (மரத்தைக் குடையும் பூச்சி) வரும்? (சுன்னாகம்)

காய்ந்ததால்தான் வந்தது. ஈரம் போனால் மரத்துக்குப் பயமில்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். பூஞ்சணத்துக்கு அது சரி, ஆனால் இந்த மா கொட்டுகிற வண்டு காய்ந்த மரத்தைத்தான் தேடி வரும். தேக்கில் எப்படி என்று கேட்காதீர்கள், அது தேக்கின் வைரத்தை, அதாவது கடினமான உள் மரத்தை, தொடவே தொடாது, தோலுக்கு அடுத்திருக்கும் வெளிர் மரமான வெளிறைத்தான் தின்னும். வெளிறில் மாச்சத்து இருக்கிறது, குழந்தைப் புழுவுக்கு அதுதான் சோறு. தாய் வண்டு அரிசி மணியை விடச் சிறியது, இரவில் பறந்து வந்து மரத்தின் நுண்துளைக்குள் முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புழு உள்ளே மாதக் கணக்கில் தின்று, வண்டாகி, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் துளை போட்டு வெளியே வரும்போதுதான் உங்களுக்கு மா தெரியும். அதாவது நீங்கள் பார்ப்பது போன பருவத்து வேலை.

பலகையை வெயிலில் எடுத்து, ஈரத் துணியால் ஒருக்கால் துடைத்துப் பாருங்கள். விளிம்பில் வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை ஓடும், உள்ளே தேன் நிறம். துளைகள் எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கும். அந்தப் பட்டையை அரிந்து எடுத்துவிடுங்கள், அன்றைக்கே எரித்தும்விடுங்கள். அரை அங்குலம் குறைந்தால் பரவாயில்லை. விற்கிறவர் வெளிறையும் சேர்த்துத்தான் அளந்து காசு வாங்கியிருப்பார், அது வேறு கதை. அடுத்த முறை மரம் விற்கும் காலையில் பலகையின் தலைப்பக்கத்தை, அதாவது குறுக்கே அரிந்த முனையை, பார்த்து வாங்குங்கள், நிறம் அங்கேதான் பொய் சொல்லாது.

கறையானா, உளுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கரவெட்டி)

கொட்டியதை விரலால் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கினால் மேலே சொன்ன சிறிய வண்டு. கொஞ்சம் சொரசொரப்பாக, துளையும் பென்சில் முனை போகிற அளவில் இருந்தால் அதன் பெரிய சொந்தக்காரன். கசகசா மாதிரி தனித்தனி மணிகளாக உருண்டால் அது மா அல்ல, காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு வகைக் கறையானின் எச்சம். மண் புற்று வந்தால் சொல்லத் தேவையில்லை, கறையான்தான். ஓரம் கறுத்த சின்னத் துளை இருக்கிறது, மா இல்லை என்றால் பயப்படாதீர்கள். மரம் பச்சையாகக் கிடந்தபோது குடைந்த பூச்சி, காய்ந்ததும் செத்துப்போயிருக்கும்.

கழிவு ஒயில் பூசினால் போதும் என்று தச்சுவேலை செய்பவர் சொல்கிறார். (சாவகச்சேரி)

வேலிக் கட்டைக்குப் பூசட்டும். கதவு, கட்டில், அலுமாரிக்கு வேண்டாம். ஒயில் ஆழமாக இறங்காது, உள்ளே இருக்கும் புழு பாட்டுக்குத் தின்றுகொண்டே இருக்கும். பிறகு அந்த மரத்தில் பெயின்ட் பிடிக்காது, நாற்றம் வருடக் கணக்கில் போகாது, தோலில் படுவதும் நல்லதல்ல. மண்ணெண்ணெயும் அப்படித்தான், ஆவியாகிப் போனதும் மரம் பழையபடி, இடையில் ஒரு தீக்குச்சி விழுந்தால் கொட்டிலே போய்விடும்.

வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அசிட்டும்தான் நான் பாவிப்பது. 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் அசிட், ஒரு லீற்றர் சுடுநீர். கரைந்ததும் தூரிகையால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டு. தலைப்பக்கங்களுக்குத் தாராளமாக விடுங்கள், மரம் அங்கேதான் நன்றாகக் குடிக்கும். உண்மையில் இந்தக் கரைசலுக்குப் பச்சை மரம்தான் பொருத்தம். அரிந்த அன்றே தோய்த்து, இடைவெளி விடாமல் அடுக்கி, பொலித்தீனால் மூடி, ஓர் அங்குலப் பலகை என்றால் நாலு கிழமையாவது வைத்தால், மரத்தின் ஈரத்தோடேயே மருந்து உள்ளே நகரும். பிறகு பிரித்துக் காயவையுங்கள். மழை படுகிற இடத்தில் கழுவுண்டு போய்விடும், அதனால் வெளிவேலைக்கு இது சரிவராது. கையுறை போடுங்கள். சமையலறையில் வெட்டுகிற பலகைக்குக் கட்டாயம் வேண்டாம்.

அப்பாவின் பழைய வீட்டைப் பிரித்தோம். பனஞ் சிலாகைகள் நிறைய இருக்கின்றன. புது வீட்டுக்குப் போடலாமா, உளு பரவுமா? (வேலணை)

போடலாம், போடத்தான் வேண்டும். முற்றிய பனையின் வெளிப்புறக் கறுப்பு வைரத்தை வெல்ல இங்கே வேறு மரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அதில் பூச்சிக்குத் தின்ன மிச்சமும் இராது. உட்புறத்துச் சோற்றியை மட்டும் கவனியுங்கள். வெளிறிய, நாராக உரிகிற அந்தப் பக்கத்தை வாச்சியால் செதுக்கி எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு கல்லில் படுக்கவைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் நல்லது, பொத் என்றால் அந்த இடத்தில் ஓர் உளியை இறக்கிப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த முனைதான் பெரும்பாலும் பழுது, ஓர் அடியை யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். புதுப் பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்க அலைவதை விட இது எவ்வளவோ மேல்.

எங்கள் கோயில் குதிரை வாகனத்தின் காலில் மா கொட்டுகிறது. கொடியேற்றத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பெயின்ட் அடித்த மேற்பரப்பில் இந்த வண்டு முட்டை விடாது, துளைகள் அடைபட்டுவிடும். அப்படியானால் ஒன்று, செய்தபோதே உள்ளே இருந்தது. இல்லை என்றால், பெயின்ட் படாத அடிப்பக்கத்தால் ஏறியிருக்கிறது. வாகனத்தைச் சரித்து அடியைப் பாருங்கள், பத்தில் ஒன்பது வாகனத்தின் அடி வெறும் மரமாகத்தான் இருக்கும்.

முதலில் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாவைத் துடைத்து, இருக்கிற துளைகளைச் சுற்றிச் சோக்கால் வட்டம் போட்டு, கீழே கறுப்புக் கடதாசி விரியுங்கள். இரண்டு கிழமையில் புது மாவோ வட்டமில்லாத துளையோ வந்தால் உயிரோடு இருக்கிறது. வராவிட்டாலும் செத்துவிட்டது என்று எழுதித்தர மாட்டேன், வாகனத்தை நகர்த்தும் அதிர்ச்சியில் பழைய மாவும் கொட்டும், புழு மாதக் கணக்கில் சத்தமில்லாமலும் இருக்கும். உயிர் இருந்தால் பேர்மெத்ரின் கலந்த மரப்பூச்சி மருந்தைச் சிறிஞ்சால் துளை துளையாக ஏற்றி, மெழுகால் அடைத்து, அடிப்பக்கம் முழுக்கப் பூசுங்கள்.

ஆனால் என் கவலை பூச்சி அல்ல. அந்தக் காலும், தண்டு போகிற இடமும் பாரம் தாங்குமா என்பதுதான். திருவிழாவன்று அதைத் தோளில் தூக்கப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். உளியை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், இந்த வருடம் வேறு வாகனத்தில் சாமி வரட்டும்.

நெல்லுக்குள் வைக்கிற குளிசையைப் பலகை அடுக்குக்குள் வைத்து மூடினால்? (மானிப்பாய்)

வேண்டாம். வேண்டவே வேண்டாம். அதில் இருந்து வருகிற வாயு ஆளைக் கொல்லும், பக்கத்து அறையில் படுத்திருப்பவரையும் கொல்லும். பயிற்சி உள்ளவர்கள் ஆளில்லாத இடத்தில் செய்யும் வேலை அது. ஒரு கட்டுப் பலகைக்காக உயிரோடு விளையாட வேண்டாம்.

தேய்பிறையில் தறித்தால் உளுக்காதா? (பருத்தித்துறை)

என் அப்பாவும் அதைத்தான் சொல்வார். நான் கண்டது, தேய்பிறையில் தறித்ததும் உளுத்திருக்கிறது, வளர்பிறையில் தறித்ததும் நின்றிருக்கிறது. தறித்தபின் என்ன செய்தோம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பூவரசு, மூங்கில் போன்றவற்றைக் குளத்தில் கிழமைக் கணக்கில் அமிழ்த்தி வைத்தார்களே, அதில் விஷயம் உண்டு, மாச்சத்து நீருக்குள் குறைந்து போகும். உப்புத் தண்ணீரில் போட்டால் பிறகு ஆணி துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆறு மாதம் மகளிடம் கனடா போகிறோம். வேப்பம் பலகைகளை எப்படி வைத்துவிட்டுப் போவது? (கோண்டாவில்)

சீமெந்துக் கல் வைத்து ஓர் அடி உயர்த்துங்கள். பலகைக்குப் பலகை இடையில் இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம், எல்லாம் ஒரே நேர்கோட்டில், இல்லாவிட்டால் பலகை வளையும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடுக்கினூடாகப் போகிற மாதிரித் திருப்பி, சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி. மேலே மட்டும் தகரம். பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வேம்பு நல்ல மரம், ஆனால் வேம்பின் வெளிறும் வெளிறுதான், போக முன் மேலே சொன்ன கரைசலைப் பூசிவிடுங்கள்.

அந்தக் குறுக்குச் சட்டம் என்ன மரம் என்பதையும் பாருங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் பிளந்த மூங்கிலை இடையில் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தபோது மூங்கில் கையில் எடுக்கவே உதிர்ந்தது, ஒவ்வொரு பலகையிலும் மூங்கில் கிடந்த இடத்தில் வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டை ஒட்டிய வெளிறிலும் துளை. யாரையும் குறை சொல்ல முடியாது, என் கைவேலைதான்.

கழித்த உளுத்த பலகையை விறகாக எரிக்கலாமா? (அதே கோண்டாவில்காரர்)

மருந்து படாத மரம் என்றால் எரிக்கலாம், ஆனால் இன்றைக்கே. விறகு என்று வளவு மூலையில் அடுக்கி வைத்தால் வண்டு அங்கிருந்தே பறந்து திரும்பி வரும். பச்சை நிறம் ஓடிய, மருந்து ஏற்றின பழைய கம்பத் துண்டுகள் அதில் கலந்திருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள். அதில் ஆர்சனிக் இருக்கக்கூடும், அடுப்பில் வைக்கக் கூடாது, சாம்பலைக் கீரைப் பாத்திக்கும் போடக் கூடாது.