கோர்ட் வராந்தாவில் அம்மா கொடுத்த தண்ணீர்

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன்னால் நகைக்காக வீடு புகுந்து என் அக்காவையும் அவளுடைய ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டான் ஒருவன். போன மாதம் செஷன்ஸ் கோர்ட் அவனுக்குத் தூக்கு தண்டனை கொடுத்தது. அப்பா அன்றைக்கு ராத்திரியே எங்கள் கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்தார். அதே நாள் மதியம், கோர்ட் வராந்தாவில் அவனுடைய அம்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என் அம்மா போய்த் தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. நான் வாழ்க்கைப்பட்ட வீடு ஆர்.சி. கிறிஸ்தவக் குடும்பம். 'மன்னிக்காவிட்டால் உன் ஜெபம் கேட்கப்படாது' என்கிறார் மாமியார். எனக்கோ அவன் தூக்கில் தொங்கினால்தான் மனசு ஆறும் போல இருக்கிறது. நான் பாவியா? அம்மா செய்தது அக்காவுக்குச் செய்த துரோகமா? எந்தச் சாமி சொல்வதைக் கேட்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் பாட்டிலில் வந்துதான் நின்றேன். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் முதல் கேள்வி.

நீங்கள் பாவி இல்லை. ஏழு வயதுப் பிள்ளையைக் கொன்றவன் சாகவேண்டும் என்று சித்திக்குத் தோன்றுவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கோபம் பிள்ளைமேல் வைத்த பாசத்தின் இன்னொரு முகம். ஆறு வருஷமாக அதைச் சுமந்துகொண்டே வீட்டையும் பார்த்து, வாய்தாவுக்கும் அலைந்திருக்கிறீர்கள். இதில் குற்ற உணர்வு வேறு எதற்கு?

வள்ளுவரே உங்கள் பக்கம் நிற்கிற இடம் ஒன்று உண்டு. 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்' என்பது 550ஆம் குறள். கொடியவர்களை அரசன் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பது மாதிரி என்கிறார். கொல்லாமைக்கென்று தனியாக ஓர் அதிகாரமே எழுதியவர்தான் இதையும் சொல்கிறார். 'ஒறுத்தல்' என்றால் தண்டித்தல்தானே, கொல்வது என்று ஏன் எடுக்கவேண்டும் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். களை பிடுங்குவதை உவமையாக வைத்த பிறகு அந்த வாதம் எனக்குப் பலமாகத் தெரியவில்லை. ஆனால் செங்கோன்மை அதிகாரம் அந்தக் குறளோடு முடிந்து, பக்கத்தைப் புரட்டினால் வருவது கொடுங்கோன்மை. அதன் முதல் குறள், 551, 'கொலைமேற்கொண் டாரிற் கொடிதே' என்று தொடங்குகிறது. முறையில்லாமல் குடிகளை வருத்தும் அரசன் கொலைகாரனைவிடக் கொடியவன் என்கிறது. களை எடுக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே அதே கையைப் பார்த்து எச்சரிக்கிறார். இந்த இரண்டு குறளையும் நான் எப்போதும் சேர்த்துத்தான் படிப்பேன்.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

மகாபாரதத்தில் சாந்தி பருவத்தில், பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்தபடி தருமருக்கு ஒரு கதை சொல்கிறார். சத்தியவானை நமக்குச் சாவித்திரியின் கணவனாகத்தான் தெரியும். காரடையான் நோன்புக் கதையில் எமனிடமிருந்து மீண்டு வருகிறானே, அவனேதான். அவனுடைய அப்பா துயுமத்சேனன் அரசன். அரசன் கட்டளைப்படி சிலரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது சத்தியவான், அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னானாம்: இவர்களைக் கொல்வது தருமமாகாது. அப்பா விடவில்லை. கொள்ளைக்காரனைக் கொல்லாமல் விடுவது தருமம் என்றால் பிறகு அதர்மம் என்பது எது, இது என்னுடையது என்று எவனாவது நிம்மதியாகச் சொல்லமுடியுமா என்று கேட்கிறார். சத்தியவானின் பதில் இது: கொள்ளைக்காரன் ஒருவனை அரசன் கொல்லும்போது, ஒரு குற்றமும் செய்யாத அவன் அம்மா, அப்பா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கொல்லப்படுகிறார்கள்.

சகோதரி, உங்கள் அம்மா வராந்தாவில் கண்டது இதைத்தான். அவர் சாந்தி பருவத்தைப் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, படித்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பது எப்படி இருக்கும் என்று அந்த வராந்தாவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இன்னொருத்தி அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார். அவனை விட்டுவிடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லையே! அக்காவுக்கு இதில் எந்தத் துரோகமும் இல்லை. என்னைக் கேட்டால், அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் நடந்தவற்றில் அக்கா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கக்கூடியது அந்த ஒன்றுதான்.

துயுமத்சேனன் தோற்றதாகவும் கதை சொல்லவில்லை. முன்காலத்தில் 'சீ' என்று ஒரு சொல் போதுமானதாக இருந்தது, பிறகு கடுஞ்சொல் தேவைப்பட்டது, பிறகு அபராதம், இப்போதோ கொலை தண்டனை கொடுத்தும் அடங்காதவர்கள் இருக்கிறார்கள் என்று அந்தக் கிழவர் வருத்தத்தோடு சொல்கிறார். உங்கள் அப்பாவின் குரல் எனக்கு அதில் கேட்கிறது. அவருக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசவேண்டும்.

அப்பா கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்தார். நியாயம் கேட்டுக் காத்திருந்தவர் நன்றி சொன்னார், சரி. காவல் தெய்வத்திடம் கேட்கவேண்டியதும் அதுதான். ஆனால் நம் பக்கத்துச் சாமிகள் சிலரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதுரை வீரன் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுமரம் ஏறியவன். அவன் கோயில் திருவிழாவில் கழுவேற்றம் இன்றைக்கும் நடத்திக்காட்டப்படுகிறது, அதைப் பார்த்துப் பெண்கள் அழுவதைக் கண்டிருப்பீர்கள். அரசன் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிக் கொன்றவர்களுக்கு நம் ஜனங்கள் பீடம் போட்டுப் படையல் வைத்தார்கள். கோவலன் கதை வேறென்ன? விசாரிக்காமல் கொல்லச் சொன்ன பாண்டியன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சரிந்து செத்தான். தண்டனை வேண்டாம் என்று நம் ஊர்ச் சமயம் சொல்லவில்லை. அரசன் கையால் போன உயிரை அது மறக்கவும் இல்லை. உங்கள் வழக்கில் ஆள் மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அப்பாவின் சாமியும் அம்மாவின் தண்ணீரும் எதிரெதிர்க் கட்சி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமியாருக்கு வருவோம். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் சொன்ன விதம் சரியில்லை. பைபிளின் ஆதியாகமத்தில், மனிதனுடைய ரத்தத்தைச் சிந்துகிறவனின் ரத்தம் மனிதனாலேயே சிந்தப்படும் என்று இருக்கிறது. ஆள்பவன் கையில் உள்ள வாள் சும்மா இல்லை என்று புனித பவுல் ரோமையருக்கு எழுதுகிறார். பல நூற்றாண்டுகள் திருச்சபை இந்த வசனங்களைப் பிடித்துக்கொண்டு தூக்கை ஏற்றுக்கொண்டது. வத்திக்கான் நகரத்தின் சட்டத்திலேயே 1969 வரை மரண தண்டனை இருந்தது. இன்னொரு பக்கம், கல்லெறியக் கொண்டுவந்த பெண்ணின் முன்னால் இயேசு குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்த காட்சியும் அதே பைபிளில்தான் இருக்கிறது. சிலுவை என்பதே அரசு நிறைவேற்றிய ஒரு மரண தண்டனைதானே. இத்தனை காலம் கழித்து, 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதவைத்தார். மனிதனின் மாண்பைத் தாக்குவதால் அது கூடாது என்பது காரணம். ஒரு பெரிய திருச்சபைக்கே இந்த இடத்துக்கு வந்துசேர ஏறக்குறைய 2000 வருஷம் ஆகியிருக்கிறது. உங்களுக்கு ஆறு வருஷம்தான் ஆகிறது. மாமியார் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அவரிடம் இன்னொன்றையும் நினைவுபடுத்துங்கள். 1981 மே மாதம் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். சில நாளிலேயே, சுட்டவனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ரோம் சிறைக்குப் போய், அவனோடு நாற்காலியை நெருக்கமாகப் போட்டுத் தனியாகப் பேசினார். ஆனால் இத்தாலி அரசு அவனுக்குத் தண்டனையிலிருந்து மன்னிப்பு கொடுத்தது 2000ஆம் ஆண்டில்தான். மன்னிப்பும் நடந்தது, தண்டனையும் நடந்தது. ஆகவே மன்னிப்பு என்றால் குற்றவாளி கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவது என்று நினைத்துப் பயப்படாதீர்கள். அதை உங்களிடமிருந்து பிடுங்கி வாங்கும் உரிமை மாமியாருக்கும் இல்லை, பங்குத்தந்தைக்கும் இல்லை.

மன்னிக்கும் உரிமை யாருடையது என்பதில் இஸ்லாம் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. கொலைக்குப் பழி கேட்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த உரிமையை, மன்னிக்கும் உரிமையோடு சேர்த்து, இறந்தவரின் வாரிசுகள் கையில் கொடுக்கிறது. அவர்கள் விரும்பினால் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம், வாங்காமலும் மன்னிக்கலாம். திருக்குர்ஆனில் இதைச் சொல்லும் வசனம், இரண்டாம் அத்தியாயம் 178, மன்னிக்கும் வாரிசைக் கொலை செய்தவனின் 'சகோதரர்' என்று குறிப்பிடுகிறது. பழிவாங்க அனுமதிக்கிற அதே வசனத்துக்குள் அந்தச் சொல் உட்கார்ந்திருப்பதைப் படித்த அன்று, வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இருந்தேன்.

இது வெறும் ஏட்டில் உள்ளது அல்ல. குவைத்தில் மலப்புரம் மாவட்டத்துக்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு அங்கே மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை பெற்றவரின் மனைவி கேரளத்துக்குப் போய், அங்குள்ள முஸ்லிம்கள் பெரிதும் மதிக்கும் பாணக்காட்டுத் தங்ஙள் குடும்பத்தின் வாசலில் நின்றார். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. அவரால் புரட்ட முடிந்தது அதில் ஒரு சிறு பங்குதான். மீதியை அங்குள்ளவர்கள் திரட்டினார்கள். 2017இல் அந்த விதவை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், தூக்குக் கயிறு விலகியது. ஒரு பக்கம் கணவனைக் காப்பாற்ற ஓடிய இந்துப் பெண், இன்னொரு பக்கம் கணவனைப் பறிகொடுத்த முஸ்லிம் பெண். பணம் வாங்கி மன்னித்தாள் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். சம்பாதித்துப் போட்ட ஆள் போன வீட்டில் அடுப்பு எரியவேண்டாமா?

நம் நாட்டில் அந்த உரிமை உங்கள் கையில் இல்லை. கொலை வழக்கைக் குடும்பங்கள் சமாதானம் பேசி முடிக்கமுடியாது, வழக்கு நடத்துவது அரசு. இதை ஒரு குறையாகத்தான் பலர் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் எனக்கு அது ஆறுதலாகப் படுகிறது. அவன் சாகவேண்டுமா பிழைக்கவேண்டுமா என்று நீங்களோ அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடவேண்டியதில்லை. வீட்டுக்குள் இதற்காக ஓட்டெடுப்பு நடத்தி ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கவேண்டியதும் இல்லை.

அப்புறம், அப்பாவுக்கு யாராவது பக்குவமாகச் சொல்லியாக வேண்டிய ஒன்று. செஷன்ஸ் கோர்ட் கொடுத்த தூக்கு தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது. உங்கள் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது, பிறகு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. அரிதிலும் அரிதான வழக்குகளில்தான் தூக்கு என்று 1980இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலை ஒவ்வொரு படியிலும் எடுத்துப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1995 ஏப்ரலில், சேலம் சிறையில். இந்தியாவில் கடைசியாக 2020 மார்ச்சில், டெல்லி திகார் சிறையில். உங்கள் வழக்கில் ஆயுள் தண்டனையாகக் குறையவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு நாள் வந்தால், அன்றைக்கு மகளும் பேரனும் இரண்டாவது முறை செத்துப்போனதாக அப்பா உடைந்துவிடக்கூடாது. 'தேதி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் எதையெல்லாம் தள்ளிவைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அக்காவின் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறாரா? பேரனின் படத்தை மாட்டவிடாமல் இருக்கிறாரா? அதையெல்லாம் கோர்ட்டுக்காகக் காத்திருக்காமல் இப்போதே செய்யலாம்.

தனிப்பட்ட முறையில் எனக்குத் தூக்கு தண்டனையில் உடன்பாடு இல்லை. மறைத்துவைத்துக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுதுவது நியாயமாக இருக்காது என்பதால் சொல்லிவிடுகிறேன். சத்தியவான் சொன்ன காரணம்தான் என் காரணமும். ஆனால் என் வீட்டில் எந்தப் பிள்ளையும் அப்படிச் சாகவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. அதனால் நீங்களும் இப்படித்தான் நினைக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். தூக்கு வேண்டும் என்று தோன்றுகிற நாளில் அப்படியே சாமியிடம் சொல்லுங்கள். கருப்பசாமியிடமும் சொல்லலாம், மாமியார் வீட்டு மாதாவிடமும் சொல்லலாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். அம்மா அந்த வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வீட்டில் யாரும் அவரைக் கேட்கவே இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் கேளுங்கள். அடுப்படியில், அவர் கை வேலையாக இருக்கும்போது, அப்பா காதில் விழுகிற தூரத்தில் கேளுங்கள்.