லெட் ஸெப்பலின் 2: பேய்க்குரலும் 'ஆர்எல்' வெட்டும் – கடிதம்

வணக்கம் ஐயா,

லெட் ஸெப்பலின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 2014 ரீமாஸ்டர் பதிப்பில், 180 கிராம் வினைல் இசைத்தட்டாக வாங்கினேன். மூன்று சந்தேகங்கள். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் நாலாவது நிமிட வாக்கில், பாடகர் ராபர்ட் பிளான்ட் பாடுவதற்கு முன்பே அதே வரி எங்கோ தூரத்தில் கேட்கிறது. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வரும்போது 'ஸ' ஒலி கரகரக்கிறது, சிம்பல் காதைக் கூசுகிறது. மூன்றாவது, நண்பரிடம் இதன் 1969 அமெரிக்கத் தட்டு இருக்கிறது. அதில் கேட்கும் டிரம் அடியின் கனம் என் தட்டில் இல்லை. ரீமாஸ்டர் செய்தவர்கள் கெடுத்துவிட்டார்களா? என் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னலையாக்கும் பகுதி) ஆடியோ-டெக்னிகா விஎம்95இ.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறந்தவை. முதலாவது மூல ஒலிநாடாவில் இருக்கிறது. இரண்டாவது உங்கள் ஊசி முனையில் நடக்கிறது. மூன்றாவது மட்டும்தான் தட்டை வெட்டியவர், அதாவது நாடாவின் ஒலியை மூலத் தட்டில் பள்ளமாகச் செதுக்கியவர், சம்பந்தப்பட்டது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ரீமாஸ்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்த முன்குரல் எல்லாப் பதிப்பிலும் உண்டு, சிடியில் போட்டாலும் கேட்கும். பிளான்ட் முன்பு பாடிய ஒரு டேக், தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலவை செய்யும்போது இன்னொரு டிராக்கில் கசிந்துகொண்டே இருந்தது, எவ்வளவு முயன்றும் அதை அகற்ற முடியவில்லை, ஆகவே குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் தானும் அதன்மேல் எக்கோவை ஏற்றி வேண்டுமென்றே வைத்ததுபோல ஆக்கிவிட்டோம் என்று ஒலிப்பொறியாளர் எடி கிரேமர் சொல்லியிருக்கிறார். ரீமாஸ்டர் என்பது முடிந்த ஸ்டீரியோ கலவையை எடுத்துச் செய்வது. கலவைக்குள் கலந்துவிட்ட குரலை அங்கே தனியாகப் பிடுங்க வழியில்லை. பிடுங்கியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

தட்டிலேயே உண்டாகும் முன்னெதிரொலி வேறு ஒன்று உண்டு. ஊசி ஓடும் பள்ளங்களில் பலத்த ஒலியைத் தாங்கும் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரைச் சற்றே நெளித்துவிடும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. எனவே இந்த எதிரொலி எப்போதும் சரியாக 1.8 விநாடி முன்னால் வரும். இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் 'ஹார்ட்பிரேக்கர்' கிட்டார் பாய்வதற்கு முந்தைய நிசப்தத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுப் பாருங்கள். அங்கே மெலிதாக ஏதாவது கேட்டால் அது வினைலின் இயல்பு. அதற்காகவும் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

அதே பாட்டில் தனிக் கிட்டார் வரும்போது அறையே மாறியதுபோலத் தோன்றும், சுருதியும் கொஞ்சம் விலகும். உடனே டர்ன்டேபிளின் வேகத்தைத் திருகாதீர்கள். அந்தப் பகுதியை வேறொரு ஸ்டுடியோவில் பதிந்து நடுவில் செருகியதாகப் பேஜே சொல்லியிருக்கிறார். இந்த ஆல்பம் 1969 சுற்றுப்பயணத்தின் நடுவே லண்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் என்று பல ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவானது. பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறுவது உங்கள் கருவியின் கோளாறு அல்ல.

கடைசிப் பாட்டுக் கரகரப்புக்கு வருகிறேன். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளுக்கு அருகில் அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே 'ஸ' ஒலியின் அலை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும். 'தேங்க் யூ'வும் 'பிரிங் இட் ஆன் ஹோம்'மும் விழுவது அந்த இடத்தில்தான். உங்கள் விஎம்95இ-யில் இருப்பது நீள்வட்ட ஊசி. நல்ல ஊசிதான், ஆனால் அந்த நெருக்கத்தில் அதன் எல்லை தெரிந்துவிடும். அமைப்பில் சின்னப் பிசகு இருந்தாலும் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஊசி தட்டை அழுத்தும் எடை. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 2.0 கிராம், 1.8 முதல் 2.2 வரை போகலாம். டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) பின்எடையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், தட்டின் உயரத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசை வைத்து அளந்து பாருங்கள். தட்டு தேயக்கூடாது என்று எடையைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். அது தலைகீழான எண்ணம். எடை போதாத ஊசி பலத்த இடங்களில் சுவரை விட்டு எழும்பித் திரும்ப மோதும், பள்ளத்தைக் கொத்துவது அந்த மோதல்தான். வலது சானலில் மட்டும் கரகரப்பு கூடுதலாக இருந்தால், டோன் ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங் போதவில்லை.

அடுத்து கார்ட்ரிட்ஜின் கோணம். பேர்வால்ட் என்ற கோண அமைப்பு முறையில் தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். இந்த இடங்களைக் குறித்த புரோட்ராக்டர் என்ற அளவுத்தாளை வீட்டில் அச்செடுத்தால், ஒட்டுவதற்கு முன் அதிலுள்ள அளவுகோட்டின்மேல் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். பிரிண்டர் பக்கத்துக்குப் பொருந்துமாறு 97 விழுக்காடாகச் சுருக்கிவிட்டிருந்தால் மொத்த உழைப்பும் வீண். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்க்காமல், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டைப் பார்த்து நேராக்குங்கள்.

சிம்பல் கூசுவதற்கு இன்னொரு காரணம் பலர் பார்க்காதது. இந்தக் கார்ட்ரிட்ஜ் தன்னோடு இணையும் கருவியிடம் கேட்பது 47 கிலோ ஓம் மின்தடை, 100 முதல் 200 பிகோஃபாரட் மின்கொள்ளளவு. கேபிளின் கொள்ளளவும், கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்பின் உள்ளீட்டுக் கொள்ளளவும் கூடித்தான் இந்தப் பிகோஃபாரட் எண் வரும். 220 வைத்த ப்ரீஆம்ப் தனியாகவே 200-ஐத் தாண்டிவிடும், நீளமான கேபிளும் சேர்ந்தால் இன்னும் கூடும், மேல்ஸ்தாயி ஒலி மேடுபோல் எழும்பி நிற்கும். ப்ரீஆம்பில் சுவிட்ச் இருந்தால் மிகக் குறைந்த அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் கேபிளைக் குட்டையாக்குங்கள். இவ்வளவும் சரியான பிறகும் கரகரத்தால், அதே உடம்பில் விஎம்95எம்எல் ஊசியைச் செருகிக்கொள்ளலாம். உள்வட்டத்துக்கு அதன் மைக்ரோலீனியர் என்ற மெல்லிய முனை தருகிற தெளிவு கொடுத்த பணத்துக்கு நியாயமானது. புதுத் தட்டாக இருந்தாலும் ஒருமுறை கழுவுங்கள், காகித உறையின் தூசு பள்ளத்தில் கிடக்கும்.

தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு குறையும் உண்டு, அதைச் சோதிக்க இந்த ஆல்பத்திலேயே வசதி இருக்கிறது. 'தேங்க் யூ' முடிவில் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் வாசிக்கும் ஆர்கன் நீண்டு ஒலிக்கும், தேய்ந்து அடங்கும், பிறகு மறுபடி எழும். அந்த ஆர்கன் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கி அலைந்தால், தட்டின் நடுத்துளை சரியாக மையத்தில் விழவில்லை என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர் விலகினாலே அந்த இடத்தில் சுருதி 0.7 விழுக்காடு இருபுறமும் ஆடும். டோன் ஆர்மும் இடவலமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும். கிட்டாரும் டிரம்மும் இதை மறைத்துவிடும், ஆர்கன் மறைக்காது.

இனி அந்த 1969 தட்டு. முதல் அமெரிக்க வெட்டைச் செய்தவர் ஸ்டெர்லிங் சவுண்ட் என்ற மாஸ்டரிங் ஸ்டுடியோவில் இருந்த ராபர்ட் லுட்விக். நாடாவில் இருந்த பேஸை அடக்காமல் உரத்த அளவில் வெட்டினார். பேஸ் கூடினால் பள்ளம் அகலமாக அலையும், மலிவான ஊசி அந்த அலைவில் எகிறிவிடும். ஆல்பத்தை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டிகனின் மகளுடைய பிளேயரில் தட்டு எகிறியதால் இதை நிறுத்தி அடக்கமாக வெட்டச் சொன்னார்கள் என்று லுட்விக் சொல்லியிருக்கிறார். 2014 பதிப்பு வேறு வழியில் வந்தது. மூல நாடாக்களை உயர்தர டிஜிட்டலாக மாற்றி, பேஜின் மேற்பார்வையில் ஜான் டேவிஸ் மாஸ்டர் செய்தது.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தினீர்களா? உரக்க வெட்டிய தட்டு அதே வால்யூமில் பல டெசிபல் கூடுதலாகக் கேட்கும், காது அதையே நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து, 'மோபி டிக்'கின் ஒரே இடத்தை இரண்டிலும் ஓட்டி, வித்தியாசம் 1 டெசிபலுக்குள் வரும்வரை வால்யூமைத் திருத்துங்கள். அதற்குப் பிறகும் டிரம் கலைஞர் ஜான் பானமின் பேஸ் டிரம்முக்கு லுட்விக் வெட்டில்தான் கனம் அதிகம் என்பேன். 'ராம்பிள் ஆன்' பாட்டில் பேஸ் கிட்டார் விரல் விரலாகப் பிரிந்து கேட்பதும், தட்டின் பின்னணி அமைதியும் 2014-இல் மேல். கெடுத்த வேலை அல்ல, முரட்டுத்தனம் குறைந்த நல்ல வேலை. 180 கிராம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கனத்த தட்டு எளிதில் வளையாது, அவ்வளவுதான்.

நண்பரைப் போல நீங்களும் பழைய தட்டைத் தேடினால், எஸ்டி 8236 என்ற பட்டியல் எண்ணையோ, பச்சை-சிவப்பு லேபிளில் உள்ள 1841 பிராட்வே முகவரியையோ மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்த லேபிளோடு அடக்கமான வெட்டும் வந்திருக்கிறது. லேபிளைச் சுற்றிய வெறும் வளையத்தில் கையால் கீறிய ஆர், எல் என்ற, ராபர்ட் லுட்விக்கின் பெயரைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அந்தக் காலக் கனத்த ஊசிகள் இந்த உரத்த பள்ளங்களைத்தான் அதிகம் சிதைத்தன, சிதைவு கண்ணுக்குத் தெரியாது. 'தேங்க் யூ'வை முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சரியாக அமைத்த ஊசியிலும் குரல் உரக்கும் இடங்களில் கரகரத்தால், எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.